எதிர்ப்பு சக்தி இவ்வளவு போராடியும் தண்டுவடம் ஏன் கெடுகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 56. நான்கு ஆண்டுகளாகக் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துக்கொண்டே வந்தன. இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை; சிறுநீரையும் அடக்க முடியவில்லை. ஹெச்.டி.எல்.வி.-1 என்ற வைரஸால் வந்த தண்டுவட நோய் என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். "வைரஸ் நேராக நரம்பை அரிக்கவில்லை, உங்கள் அம்மாவின் எதிர்ப்பு சக்திதான் அங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது" என்றார் மருத்துவர். உடல் இவ்வளவு போராடினால் நோய் குறையத்தானே வேண்டும்? எதிர்ப்பு சக்தியைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? எனக்கும் இது வந்திருக்குமா?

பதில்: உங்கள் மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அதைக் கேட்டுவிட்டு, 'அம்மாவின் எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறிவிட்டது, அடக்கினால் போதும்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 'இன்னும் கூட்டினால் வைரஸ் ஒழிந்துவிடும்' என்றும் நினைக்க வேண்டாம். இரண்டுமே உண்மைக்கு மிக அருகில் வந்து தவறிப்போகும் எண்ணங்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த வைரஸின் குணம் தெரிய வேண்டும். இது எய்ட்ஸ் வைரஸுக்குத் தூரத்து உறவு. இரண்டும் ரெட்ரோவைரஸ்கள். இரண்டும் சிடி4 வகை டி செல்களுக்குள் (டி செல்கள் என்பவை வெள்ளையணுக்களில் ஒரு வகை) புகுந்து, தங்கள் மரபணுவை அந்தச் செல்லின் மரபணுவோடு சேர்த்துத் தைத்துவிடுகின்றன. அதற்குப் பிறகு இரண்டின் வழியும் பிரிகிறது. ஹெச்.ஐ.வி. தான் குடியேறிய செல்லை அழிக்கிறது. ஹெச்.டி.எல்.வி.-1 தான் குடியேறிய செல்லைப் பெருக வைக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே தைக்கப்பட்ட வைரஸ் மரபணுவும் சேர்ந்தே இரண்டாகிறது. புதிய வைரஸ் துகள்களைச் செய்து இரத்தத்தில் மிதக்கவிட வேண்டிய அவசியம் அதற்குப் பெரிதாக இல்லை. இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் தேடினால் இந்த வைரஸ் அநேகமாகக் கிடைக்காது என்பதற்குக் காரணம் இதுதான். இன்னொரு செல்லுக்குத் தாவ வேண்டுமானால், தொற்றுள்ள செல் பக்கத்துச் செல்லோடு ஒட்டி நிற்கும் இடத்தில் வைரஸைக் கைமாற்றிக் கொடுக்கிறது. தாய்ப்பால், உடலுறவு, இரத்தம் என்று எந்த வழியில் தொற்றினாலும் உயிருள்ள செல்கள்தான் அதைச் சுமந்து வருகின்றன.

ஆகவே இந்த நோயில் 'வைரஸ் எவ்வளவு இருக்கிறது' என்று கேட்டால், எத்தனை செல்களுக்குள் அந்த மரபணு தைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். இதைப் புரோவைரஸ் அளவு என்பார்கள். 100 வெள்ளையணுக்களில் எத்தனை என்று எண்ணிச் சொல்வார்கள். தொற்று இருந்தும் நோயில்லாமல் வாழும் பலரிடம் இது 1-க்கும் கீழே இருக்கிறது. தண்டுவட நோய் வந்தவர்களிடம் 10, 20 வரைகூடப் போவதுண்டு. 1998-இல் ஜப்பானின் ககோஷிமாவில் செய்த ஆய்வில், நோயாளிகளின் அளவு நோயில்லாதவர்களின் அளவைப்போல ஏறத்தாழ 16 மடங்கு இருந்தது. இந்த நோயைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் ஆகப் பெரிய உண்மை இதுதான் என்பேன். உங்கள் அம்மாவின் அறிக்கையில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

இந்த வைரஸுக்கும் கால் விறைப்புக்கும் தொடர்பு இருப்பது 1985 வரை யாருக்கும் தெரியாது. ஜமைக்காவில் 1950-களிலும் 60-களிலும் மருத்துவர்கள் இதே போன்ற நோயாளிகளைப் பார்த்து எழுதி வைத்தார்கள். சத்துக்குறைவு என்றார்கள், மரவள்ளிக் கிழங்கின் நச்சு என்றார்கள், பழைய சிஃபிலிஸ் தொற்று என்றார்கள். 1985-இல் அந்துவான் கெசைன் குழுவினர் கரீபியத் தீவான மார்த்தினிக்கில் இந்த நோயாளிகளின் இரத்தத்தில் ஹெச்.டி.எல்.வி.-1-க்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கண்டார்கள். மறு ஆண்டே மிட்சுஹிரோ ஒசாமே ககோஷிமாவில் தனியாக அதே நோயைக் கண்டு வேறு பெயர் வைத்தார். இரண்டும் ஒன்றே என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு இரண்டு பெயர்களையும் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது. ஹெச்.ஏ.எம்./டி.எஸ்.பி. என்று அறிக்கையில் இரட்டைப் பெயர் இருப்பது அதனால்தான்; இரண்டு நோய் என்று பயந்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

தொற்றுள்ள செல்களைக் கொல்வது சிடி8 வகை டி செல்களின் வேலை. 1990-இல் ஸ்டீவன் ஜேக்கப்சன் குழுவினர் இந்த நோயாளிகளின் இரத்தத்தில் இவை குவிந்து கிடப்பதைக் காட்டினார்கள். வைரஸின் டாக்ஸ் என்ற ஒரே ஒரு புரதத்தை அடையாளம் காணும் செல்கள் மட்டுமே, சில நோயாளிகளின் மொத்த சிடி8 செல்களில் 10 சதவீதத்துக்கும் மேல் இருந்தன. சாதாரணமாக நாள்பட்ட தொற்றில் இவ்வளவு பெரிய கூட்டத்தைக் காண முடியாது. தண்டுவட நீரில் அவை இன்னும் செறிவாக இருந்தன. இதைப் பார்த்த எவருக்கும் முதலில் தோன்றுவது, இந்தக் கூட்டம்தான் தண்டுவடத்தை நாசம் செய்கிறது என்பதுதான். பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையைத் திருத்தியது ஒரு மரபியல் ஆய்வு. செல்லின் உள்ளே இருக்கும் புரதத் துண்டுகளை வெளியே எடுத்துக்காட்டும் தட்டு போன்ற மூலக்கூறுகளுக்கு ஹெச்.எல்.ஏ. என்று பெயர். சிடி8 செல் அந்தத் தட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் 'இது தொற்றுள்ள செல்' என்று தெரிந்துகொள்கிறது. தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். 1999-இல் சார்ல்ஸ் பேங்கமும் அவருடன் சேர்ந்தவர்களும் ககோஷிமாவில் 200-க்கும் மேற்பட்ட நோயாளிகளையும், தொற்று இருந்தும் நோயில்லாத ஏறத்தாழ அதே எண்ணிக்கையினரையும் ஒப்பிட்டார்கள். ஏ2 வகைத் தட்டு உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. நோயில்லாதவர்களிலும் ஏ2 உள்ளவர்களிடம் புரோவைரஸ் அளவு குறைவாக இருந்தது. ஏ2 தட்டு டாக்ஸ் புரதத்தின் ஒரு துண்டை மிக இறுக்கமாகப் பிடித்துக்காட்டுவது. அதாவது, சிடி8 செல்களுக்கு வைரஸை நன்றாகக் காட்டிக்கொடுக்கும் உடலமைப்பு நோயை வரவழைக்கவில்லை. அது காப்பாற்றியிருக்கிறது!

சிடி8 செல்கள்தான் குற்றவாளிகள் என்றால் இந்த முடிவு தலைகீழாக வந்திருக்க வேண்டும். பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி போயின. வைரஸ் தன் மரபணுவின் மறுபக்க இழையில் இருந்து ஹெச்.பி.இசட். என்ற இன்னொரு புரதத்தையும் செய்கிறது. டாக்ஸ் அவ்வப்போது வெடித்துக் கிளம்பி அடங்கிவிடும்; ஹெச்.பி.இசட். சிறிய அளவில் விடாமல் இருந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டாவது புரதத்தை நன்றாகப் பிடித்துக்காட்டும் தட்டுகளை உடையவர்களிடம் வைரஸ் மேலும் நன்றாக அடங்கியிருந்தது.

எண்ணிக்கையையும் திறமையையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். சிடி8 செல்கள் பெருங்கூட்டமாக இருப்பது, அவற்றைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருக்கும் அளவுக்கு வைரஸ் மிச்சமிருக்கிறது என்பதன் அடையாளம். ஒவ்வொரு செல்லும் தொற்றுள்ள செல்லை எவ்வளவு விரைவாகக் கொல்கிறது என்பதுதான் முக்கியம். விரைவாகக் கொல்லும் செல்கள் உள்ளவர்களிடம் வைரஸ் குறைவு. மெதுவாகக் கொல்பவை எத்தனை சேர்ந்தாலும் கூட்டம்தான் மிஞ்சும். உங்கள் அம்மாவின் உடலில் படை பெரியது. அதனால் அது பலமானது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு சான்றையும் சொல்கிறேன். நெஞ்சைப் பிசையும் சான்று. 2001-இல் ஸ்பெயினில் ஒரே கொடையாளரின் உறுப்புகள் மூவருக்குப் பொருத்தப்பட்டன. அவருக்கு ஹெச்.டி.எல்.வி.-1 இருந்தது யாருக்கும் தெரியவில்லை. உறுப்பு பெற்ற மூவருக்கும் இரண்டே ஆண்டுகளுக்குள் இந்தத் தண்டுவட நோய் வந்துவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்து, அதுவும் நூற்றில் சிலருக்கு மட்டும் வரும் நோய் அது. அந்த மூவரும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். எதிர்ப்பு சக்தி மிகுந்துபோவதுதான் நோய்க்குக் காரணம் என்றால் அவர்களுக்கல்லவா வராமல் இருந்திருக்க வேண்டும்?

தொற்றுள்ள செல்களின் இயல்பை ஒரு சின்னக் காட்சியில் பார்த்துவிடலாம். எந்த மனிதரின் இரத்தத்தில் இருந்தும் டி செல்களைப் பிரித்து, ஊட்டத் திரவம் உள்ள கிண்ணத்தில் இட்டு, 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால் அவை சும்மா கிடக்கும். பிரியச் சொல்லி ஏதாவது மருந்து கொடுத்தால்தான் பிரியும். இந்த நோயாளிகளின் செல்களோ யாரும் எதுவும் கொடுக்காமலேயே விழித்துக்கொள்கின்றன. இரத்தம் எடுத்த நேரத்தில் தேடினால் டாக்ஸ் புரதம் கிட்டத்தட்ட இல்லை. மறுநாள் காலை அதே கிண்ணத்தில் அது ஏராளமாக இருக்கும். சில நாட்களில் செல்கள் கொத்துக்கொத்தாகச் சேர்ந்து பெருகத் தொடங்கிவிடும். நுண்ணோக்கியில் அந்தக் கொத்துகளைப் பார்த்தால், உடலுக்குள் சிடி8 செல்கள் எதை நாள்தோறும் அடக்கிக்கொண்டிருக்கின்றன என்பது விளங்கும். அவற்றின் மீது எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

சரி, அப்படியென்றால் தண்டுவடம் எப்படிக் கெடுகிறது?

ஆரம்ப கட்டத்தில் இறந்த நோயாளிகளின் தண்டுவடத்தைக் ககோஷிமாவின் நோயியல் வல்லுநர்கள் மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். முதுகின் நடுப்பகுதியில், நெஞ்சுக்கூட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்டுவடத்தில்தான் சேதம் அதிகம். அங்கே சின்னஞ்சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றி வெள்ளையணுக்கள் கைப்பட்டியைப்போல வளைத்துக்கொண்டு நிற்கின்றன. சிடி4 செல்களும் சிடி8 செல்களும் கலந்திருக்கின்றன, கூடவே மேக்ரோபேஜ்கள் எனும் விழுங்கும் செல்கள். வைரஸ் மரபணு பெரும்பாலும் அந்தக் குழாயோரச் சிடி4 செல்களுக்குள் இருக்கிறது. நரம்பு செல்களைத் தேடிப் போய் வைரஸ் தாக்கியதற்கான தடயம் இல்லை. ஆனால் பக்கத்தில் ஓடும் நரம்பிழைகளின் மயலின் உறை கரைந்திருக்கிறது, இழைகளும் அறுந்திருக்கின்றன. மூளையில் இருந்து கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் கட்டளை கொண்டுபோகும் இழைகள் அவை. கைகளுக்கான இழைகள் அதற்கு மேலேயே, கழுத்துப் பகுதியிலேயே பிரிந்துபோய்விடுகின்றன. அம்மாவால் இன்னும் எழுத முடிகிறது, சமைக்க முடிகிறது, நடக்க மட்டும் முடியவில்லை என்றால் காரணம் இந்த இடம்தான்.

தொற்றுள்ள சிடி4 செல்கள் தண்டுவடத்துக்குள் வந்ததும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கின்றன. அதை உணரும் ஆஸ்ட்ரோசைட்டுகள், அதாவது நரம்பு செல்களுக்குத் துணையிருக்கும் செல்கள், சி.எக்ஸ்.சி.எல்.10 என்ற அழைப்புப் பொருளை வெளியிடுகின்றன. அந்த அழைப்பைக் கேட்டு இரத்தத்தில் இருந்து மேலும் டி செல்கள் வருகின்றன. வந்தவற்றில் தொற்றுள்ளவையும் உண்டு, அவற்றைக் கொல்ல வந்தவையும் உண்டு. அவையும் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கின்றன. அழைப்பு இன்னும் உரக்கப் போகிறது. ஜப்பானில் யோஷிஹிசா யமானோ குழுவினர் 2013-இல் இந்தச் சுழற்சியை விளக்கிக் காட்டினார்கள். இதில் யாரும் நரம்பைக் குறிவைக்கவில்லை. தெருச் சண்டையில் ஓரத்து வீட்டின் கண்ணாடி உடைவதைப்போல, நடுவில் அகப்பட்ட நரம்பிழைகள் சேதமாகின்றன. இந்தச் சண்டை தோலிலோ ஈரலிலோ நடந்திருந்தால் திசு மீண்டும் வளர்ந்து மூடிவிடும். தண்டுவடத்து இழைகளுக்கு அந்த வரம் இல்லை.

சேதத்துக்கு வேறு வழிகளும் சொல்லப்படுகின்றன. டாக்ஸ் புரதத்துக்கு எதிராக உருவான ஆன்டிபாடி, நரம்பு செல்லுக்குள் இருக்கும் வேறொரு புரதத்தையும் தவறிப் பிடிக்கிறது என்று 2002-இல் காட்டினார்கள். அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். முதன்மையான காரணம் நான் மேலே சொன்ன சுழற்சிதான் என்பது என் கருத்து.

இனி, கூட்டுவதா குறைப்பதா?

'எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்' என்று விற்கப்படும் மாத்திரை, லேகியம், ஊசி எதையும் அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். இதை அழுத்தமாகச் சொல்கிறேன். இந்த நோயில் டி செல்கள் ஏற்கெனவே இடைவிடாமல் தூண்டப்பட்ட நிலையில்தான் இருக்கின்றன. தொற்றுள்ளவையும் டி செல்கள், எதிர்ப்பவையும் டி செல்கள். பொதுவாகத் தூண்டிவிடும் பொருள் எதுவாக இருந்தாலும் அது இரு பக்கத்தையும் தூண்டும்.

மருத்துவர்கள் செய்வது தண்டுவடத்துச் சுழற்சியைத் தணிப்பது. அதற்குக் கையில் இருக்கும் முதன்மையான கருவி ஸ்டீராய்டு. அழற்சி சூடாக இருக்கும் காலத்தில், அதாவது நடை மாதாமாதம் மோசமாகிக்கொண்டிருக்கும்போது, அது அதிகம் பலன் தரும். பல ஆண்டுகள் ஓடி அழற்சி அடங்கி, தண்டுவடம் சுருங்கித் தழும்பாகிவிட்ட பிறகு ஸ்டீராய்டைத் தொடர்ந்தால் பக்கவிளைவுகள்தான் மிஞ்சும். எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதை நடையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. தண்டுவட நீரில் சி.எக்ஸ்.சி.எல்.10, அழற்சியின் அடையாளமான நியோப்டெரின் ஆகியவற்றின் அளவு அதைக் காட்டும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது என்றால் எல்லோருக்கும் பயம்தான். ஆனாலும் அம்மாவுக்கு அது தேவையா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழுவுக்குப் பரிசோதனை செய்தாகிவிட்டதா? மண்ணில் இருந்து தோல் வழியாக ஏறி, பல ஆண்டுகள் சத்தமில்லாமல் குடலில் இருக்கக்கூடிய புழு அது. புழுக்களை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பு வகையை ஹெச்.டி.எல்.வி.-1 பலவீனப்படுத்திவிடுகிறது. அந்த நிலையில் ஸ்டீராய்டும் சேர்ந்தால் புழு கட்டுமீறிப் பெருகி நுரையீரல், மூளை வரை பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டியே தெரிந்தால் ஐவர்மெக்டின் மாத்திரையில் தீர்ந்துவிடும். அம்மாவின் எதிர்ப்பு சக்தி 'பலமாக' இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒரே உடலில் ஒரு பக்கம் கொந்தளிப்பு, மறுபக்கம் ஓட்டை.

வைரஸையே குறைக்க மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். ஹெச்.ஐ.வி.-க்குக் கொடுக்கும் ஸிடோவுடின், லாமிவுடின் இரண்டையும் 2006-இல் வெளியான ஒரு சோதனையில் இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புரோவைரஸ் அளவு அசையவில்லை. செல் பிரிவதால் வைரஸ் பெருகுகிறது என்று முன்பே சொன்னேன் அல்லவா? வைரஸ் தன் மரபணுவை நகலெடுக்கும் படியைத் தடுக்கும் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. தொற்றுள்ள செல்களின் மேல் இருக்கும் சிசிஆர்4 என்ற அடையாளத்தைப் பிடித்து அவற்றை ஒழிக்கும் மொகமுலிசுமாப் என்ற மருந்தை ஜப்பானில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். தொற்றுள்ள செல்கள் குறைந்தன, தண்டுவட நீரில் அழற்சியும் தணிந்தது. திசை சரியானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இழந்த நடையைத் திருப்பித் தரும் என்று வாக்குக் கொடுக்கும் நிலையில் அது இல்லை.

இதற்கிடையே அன்றாடத்தைக் கவனியுங்கள். விறைப்புக்குப் பேக்ளோஃபென் போன்ற மாத்திரைகள் உண்டு. அளவு கூடினால் கால் தொய்ந்து விழுந்துவிடும் அபாயம் இருப்பதால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். இயன்முறைப் பயிற்சியை ஒருநாளும் விட வேண்டாம். சிறுநீரை அடக்க முடியாதபோதே பை முழுதாகக் காலியாகாமலும் இருக்கும். தேங்கும் நீரில் கிருமி வளர்ந்தால் காய்ச்சல் வரும், அந்தக் காய்ச்சலில் கால்கள் மேலும் விறைக்கும். சிறுநீர் கழித்த பின் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களைப் பற்றிய கேள்வி. உங்களைப் பெறுவதற்கு முன்பே அம்மாவுக்குத் தொற்று இருந்து, நீங்கள் ஆறு மாதத்துக்கும் மேல் தாய்ப்பால் குடித்திருந்தால், உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்பு தோராயமாக ஐந்தில் ஒன்று. தாய்ப்பாலே குடிக்காதவர்களில் அது நூற்றுக்கு மூன்று அளவில்தான். சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இருப்பதாகவே வந்தாலும், தொற்றுள்ளவர்களில் இந்தத் தண்டுவட நோய் வாழ்நாளில் 0.25 முதல் 4 சதவீதம் பேருக்குத்தான் வருகிறது. இடத்துக்கு இடம் கணக்கு மாறுகிறது. இதே வைரஸால் வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயையும் சேர்த்துப் பார்த்தாலும் 100-க்கு 90 பேருக்கு மேல் எந்த நோயும் இல்லாமல் வாழ்கிறார்கள். உங்களுக்குக் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே பரிசோதித்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பதா, எத்தனை நாள் என்பதை அப்போது நிதானமாக முடிவு செய்யலாம். அப்பாவும் உடன்பிறந்தவர்களும்கூடப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, அம்மாவைத் தொட்டுத் தூக்கிக் குளிப்பாட்டுவதாலோ இது தொற்றாது. அதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள், அம்மாவின் காதிலும் விழும்படி. முடிவு வரும்வரை உங்களில் யாரும் இரத்ததானம் மட்டும் செய்ய வேண்டாம்.